‘ஆ காட்டுங்க’ என்று சொல்லவே பயந்த காலம்!

காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனால் முதலில் ‘ஆ காட்டுங்க’ என்பார். நம் முகத்துக்கு நேரே அரை அடி தூரத்தில் அவர் முகம் இருக்கும். நாம் இருமுவோம், தும்முவோம், குமட்டக்கூட செய்யும். எல்லாம் அவர் முகத்தில்தான். 2020-ல் வந்த கொரோனாக் கிருமி குடியிருந்ததே மூக்கிலும் தொண்டையிலும். அப்படியென்றால் இந்த டாக்டர்களுக்கு எத்தனை ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! இங்கிலாந்தில் அந்த மார்ச் மாதமே அம்ஜத் எல்-ஹவ்ரானி என்ற காது மூக்கு தொண்டை நிபுணர் 55 வயதில் கொரோனாவுக்குப் பலியானார். வாசனை தெரியாமல் போவதும் கொரோனாவாக இருக்கலாம் என்று அதே மாதம் அங்கே எடுத்துச் சொன்னதும் இந்தப் பிரிவு டாக்டர்கள்தான். (ரசம் கொதிக்கும்போது வாசனை வருதா என்று அடுப்படியில் நின்று நாம் எல்லோரும் மோந்து பார்த்தோமே!)

என் மாமியாருக்குப் பல வருஷமாக வலது காதில் சீழ் வடியும். சர்க்கரையும் உண்டு. ஊரடங்கு போட்ட சில நாளில் அவருக்குக் காது வலி வந்துவிட்டது. திருச்சிக்கு சுமார் 20 கிலோமீட்டர் போகணும், பஸ் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா, "பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விடு, பறந்துடும்" என்றார். செவிப்பறையில் ஓட்டை உள்ள காதில் எண்ணெயோ தண்ணியோ படவே கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் விடவில்லை. என் கணவர் டாக்டருக்குப் போன் போட்டார். அவர் வரிசையாகக் கேட்டார்: ஜுரம் இருக்கா, வாந்தி இருக்கா, தலை சுத்துதா, வாய் ஒரு பக்கம் கோணுதா, காதுக்குப் பின்னால் வீக்கம் இருக்கா? "இதுல ஒண்ணு இருந்தாலும் ஊரடங்குன்னு பார்க்காம உடனே கூட்டிட்டு வந்துருங்க. இல்லேன்னா மருந்து சொல்றேன், வீட்டிலேயே போடுங்க" என்றார். நல்லவேளையாக ஒன்றும் இல்லை. அந்த வருஷம் அரசாங்கமே இ-சஞ்சீவனி என்று செல்போனில் டாக்டரிடம் பேசும் வசதியைக் கொண்டு வந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது.

ஊரடங்கு தளர்ந்த பிறகு நேரில் போனோம். அந்த ஆஸ்பத்திரியா இது என்று ஆகிவிட்டது. நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம். உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர இன்னொரு வாசல். எங்கள் ஊர் நாலு மூலைக் கிணற்றில் ஒரு பக்கப் படியில் இறங்கியவருக்கு அடுத்த பக்கம் நிற்பவர் கண்ணிலேயே பட மாட்டார், அந்த மாதிரி! ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். ஒருவரைப் பார்த்து முடித்தால் சாமான்களைத் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். மூக்கைப் பார்க்க வேண்டியவருக்கு மட்டும் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். மரத்துப் போக ஸ்பிரே அடித்தால் தும்மல் வரும் என்று மருந்தில் நனைத்த பஞ்சை வைத்தார்கள். டாக்டர் கவசம் போட்டு, கண்ணாடித் திரைக்குப் பின்னால் வேர்த்து ஊற்றி நின்றார்.

மாமியார் பாடுதான் கஷ்டம். அவர் பாதியைக் காதால் கேட்பார், மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வார்? "ஏம்மா, இவங்க பேசறாங்களா, சும்மா நிக்கறாங்களா?" என்று என்னைக் கேட்டார். நர்ஸம்மா ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். இன்னொன்று, மாஸ்க் நாடாவும் காது மெஷினும் சிக்கிக்கொள்ளும். மாஸ்க்கை இழுத்தால் மெஷின் கீழே விழும். நான் ஒரு துணிப் பட்டையில் இரண்டு பட்டன் தைத்து, நாடாவைப் பின்தலையில் மாட்டும்படி செய்து கொடுத்தேன். தெருவில் நாலு பேர் கேட்டு வாங்கிப் போனார்கள்.

காது ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார்கள். எலும்பைக் குடையும்போது பொடியும் நீரும் புகை மாதிரி பறக்குமாம். காதுக்கும் மூக்குக்கும் உள்ளே குழாய்த் தொடர்பு உண்டு என்பதால் அதிலும் கிருமி இருக்கலாம். மூச்சுக்குழலில் கடலை சிக்கிய குழந்தை, நிற்காத மூக்கு ரத்தம், மூச்சுத் திணறல் இவற்றை மட்டும் ஒரு நாளும் தள்ளக் கூடாது என்றார் டாக்டர்.

2021 மே மாதம் எங்கள் குடும்பத்துக்கே சோதனை. கொழுந்தனாருக்கு சர்க்கரை ஜாஸ்தி. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பிழைத்து வந்தார். பத்து நாள் கழித்து ஒரு பக்கம் கன்னம் மரத்து வலி, அதே பக்கம் மூக்கடைப்பு, கருப்பாக சளி. "சளிதான் அக்கா, ஆவி பிடிச்சா சரியாயிடும்" என்றாள் ஓரகத்தி. மேல் அண்ணத்தில் கருப்புத் திட்டு இருப்பதை டார்ச் அடித்துப் பார்த்தது என் கணவர்தான். அன்றைக்கே திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். கருப்புப் பூஞ்சை! தமிழக அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததும் அதே மாதம்தான். ஆம்போடெரிசின்-பி ஊசிக்கு நாடே அலைந்தது. வாரக்கணக்கில் போட்டார்கள். சிறுநீரகம் கெடாமல் இருக்க அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கவசத்துக்குள் மணிக்கணக்கில் நின்று, மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தார்கள் அந்த டாக்டர்கள்.

பூஞ்சை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அது மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருப்பது, சர்க்கரை ஏறி எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில்தான் வேலையைக் காட்டும். இதைச் சொன்னாலும் எங்கள் தெருவில் பால்காரர்கூட வாசலில் நிற்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

மேல்தாடையில் ஒரு பகுதி போயிற்று, கண் தப்பியது. இப்போது கொழுந்தனார் அண்ணத்தில் பிளேட் மாட்டிக்கொண்டு சாப்பிடுகிறார், பேச்சும் தெளிவாக இருக்கிறது. மாமியாருக்கும் மறு வருஷம் காது ஆபரேஷன் ஆகி, சீழ் நின்றுவிட்டது. சர்க்கரை பார்க்கும் மெஷின் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். திங்கட்கிழமை காலையில் ஓரகத்தி அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

- ஒரு வாசகி, திருவெள்ளறை.