பிள்ளைங்க படிக்கிற புத்தகம்... நீங்க படிச்சாச்சா?

பிஸ்கட் பாக்கெட் வாங்கினால் எக்ஸ்பயரி தேதி பார்க்கிறோம். காய்ச்சல் மருந்து ஊற்றும்போது எத்தனை மில்லி என்று இரண்டு தடவை படிக்கிறோம். நேற்று டிபன் பாக்ஸில் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்க என்ன வைத்தோம் என்பதுகூட ஞாபகம் இருக்கும். ஆனால், பிள்ளையின் கையில் ஒரு மாசமாக இருக்கிற கதைப் புத்தகத்துக்குள்ளே என்ன இருக்கு என்று கேட்டால்... நம்மில் பலருக்கு அட்டைப்படம்தான் தெரியும்!

'போனை நோண்டாம எதையோ படிக்குதே, அது போதும்' என்று ஒரு கட்சி. 'பொம்மைப் புத்தகமா? பரீட்சைக்கு உதவுமா?' என்று எதிர்க்கட்சி. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஆள் உண்டு. பன்னிரண்டு வயது மகள், சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்து வருகிற புத்தகங்களில் மூழ்கிவிடுவாள். ஒன்பது வயது மகனுக்கோ, திருமங்கலத்தில் மாமா வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய பழைய காமிக்ஸ் மூட்டைதான் உலகம். “பச்சப் புள்ளைக்குத் துப்பாக்கி சுடுற கதை எதுக்கு? எடைக்குப் போட்டுரு” என்றார் மாமியார். போடலாமா, வேண்டாமா? முடிவு பண்ண எனக்குத் தெரிந்தது ஒரே வழி... அத்தனையையும் நானே படிச்சுப் பார்ப்பது!

கோடை விடுமுறை. பதினோரு மணிக்கு மேல் வாசலில் கால் வைக்க முடியாத மதுரை வெயில். மத்தியானச் சமையல் முடிந்ததும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு தாயாக என் மனசில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

மாயாவியும் சுவிட்ச் போர்டும்

முதலில் கையில் கிடைத்தவர் இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பமானபோது முதல் இதழின் நாயகனே இவர்தான். இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் 1962-ல் பிறந்த கதை. விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர், மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, கை மட்டும் தெரிய உலா வருவார்.

படிக்கப் படிக்க விறுவிறுப்புதான். ஆனால், எனக்கு வேறொரு திக்! கரன்ட்டைத் தொட்டால் மாயாவி ஆகலாம் என்று ஒரு வாண்டு நினைத்துவிட்டால்? மகனைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். “அது கதைம்மா... எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தான். இருந்தாலும் அன்றைக்கே சொல்லிக் கொடுத்தேன். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது. யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல், பெரியவர்களைக் கூப்பிட்டு மெயினை அணைக்கச் சொல்ல வேண்டும். பிறகு 108-க்கு போன். எலெக்ட்ரீஷியனையும் வரவழைத்து, மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். காமிக்ஸ் படித்ததில் வீட்டுக்குக் கிடைத்த முதல் லாபம்!

சிகரெட்டை விட்ட ஹீரோ

அடுத்தது, கௌபாய் லக்கி லூக். பெல்ஜியம் நாட்டு ஓவியர் மோரிஸ் 1946-ல் படைத்த சிரிப்பு ஹீரோ. “ஏம்மா, இந்தக் கதையில சிகரெட் பிடிக்கிறார்... அந்தக் கதையில புல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கார்?” என்று மகன் கேட்டபோதுதான் நானும் கவனித்தேன்.

காரணம் உண்டு. பழைய கதைகளில் லக்கி லூக்கின் உதட்டோரம் எப்போதும் சிகரெட் புகையும். 1983-ல் மோரிஸ் அதை எடுத்துவிட்டு ஒரு புல்லைச் செருகினார். அதற்காக 1988-ல் உலக சுகாதார நிறுவனம் அவரைப் பாராட்டியது. சிகரெட் போனதால் அவருடைய வீரமோ, துப்பாக்கியின் வேகமோ குறைந்துவிட்டதா என்ன? இதை மகனிடம் சொன்னதும் அவன் நேராகப் போய் நின்றது அவங்க தாத்தா முன்னாடி! “தாத்தா, லக்கி லூக்கே விட்டுட்டாரு!” நான் நாற்பது வருஷ உபதேசம் பண்ணினாலும் இப்படி ஒரு பார்வையை அவரிடம் பார்த்திருக்க மாட்டேன். இன்னும் முழுசாக விடவில்லை. ஆனால், பேரன் எதிரில் பற்றவைப்பது நின்றிருக்கிறது.

மாமியார் பயந்த துப்பாக்கிக் கதை டெக்ஸ் வில்லர். இத்தாலியில் 1948-ல் பிறந்தவர். பக்கத்துக்குப் பக்கம் சுடுகிறார், நிஜம்தான். ஆனால், இவர் நவஹோ பழங்குடி மக்களுக்குத் தலைவராகவும் இருந்து, அவர்கள் பக்கம் நிற்கிறார். அது எனக்குப் பிடித்தது. பிடிக்காத விஷயம் சில பழைய கதைகளில் இருந்தது. கறுப்பாக இருந்தால் முரடன், குண்டாக இருந்தால் கோமாளி! இதைப் படித்துவிட்டு மகன் அக்காவை “குண்டு” என்றான். அவள் அன்று ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள். வளர்கிற வயசுப் பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தை என்ன பண்ணும் என்று நமக்குத் தெரியாதா? புத்தகத்தைப் பிடுங்கவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து, 'குண்டா இருக்கிறவங்களை எல்லாம் ஏன் இவங்க முட்டாளாகவே வரையறாங்க?' என்று பேசினோம். மகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நம்ம அத்தை குண்டுதான். ஆனா பேங்க் மேனேஜர்” என்றான். அது போதும்!

வேதாளம் கேட்ட கேள்வி

மூட்டையின் அடியில் பைண்டு பண்ணிய அம்புலிமாமா. 1947-ல் தொடங்கி நம் மூன்று தலைமுறையை வளர்த்த பத்திரிகை, இப்போது வருவதில்லை. ஆனால், 2020-ல் 96 வயதில் மறைந்த ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் படத்தை யாரால் மறக்க முடியும்? தோளில் பிணம், கையில் வாள்!

அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி மகன் பாத்ரூமுக்குத் துணை கேட்டான். இந்த வயதில் பயம் சகஜம். கிண்டல் பண்ணக் கூடாது. பயமுறுத்தும் கதைகளை மட்டும் படுக்கப் போகும் நேரத்திலிருந்து பகலுக்கு மாற்றினேன். இன்னொன்றும் செய்தேன். வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வரை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடிவிடுவேன். “நீ ராஜாவா இருந்தா என்ன பதில் சொல்வே?” அவ்வளவுதான், பயம் பறந்துபோய் அக்காவும் தம்பியும் வாதாட ஆரம்பித்துவிடுவார்கள்!

டோட்டோ-சானின் டிபன் பாக்ஸ்

மகள் கொண்டுவந்த 'டோட்டோ-சான்' என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. ஜப்பானின் டெட்சுகோ குரோயாநாகி, தன் பள்ளி நாட்களைப் பற்றி 1981-ல் எழுதிய புத்தகம். ரயில் பெட்டிகளே வகுப்பறை. தினமும் மதிய சாப்பாட்டில் கடலிலிருந்து ஒன்று, மலையிலிருந்து ஒன்று இருக்கவேண்டும் என்பது தலைமை ஆசிரியர் கோபயாஷியின் ஏற்பாடு. சரிவிகித உணவை இதைவிட எளிதாக யாராவது சொல்ல முடியுமா? நம் வீட்டில் அது 'தோட்டத்திலிருந்து ஒண்ணு, பருப்பு-முட்டை-மீன்ல ஒண்ணு' என்று ஆகிவிட்டது. டப்பாவைத் திறந்து பிள்ளைகளே சரிபார்க்கிறார்கள்!

அதில் போலியோவால் கை, கால் பாதித்த யசுவாகி என்ற சிறுவனை டோட்டோ-சான் பாடுபட்டு மரத்தில் ஏற்றுவாள். பின்னால் அந்தச் சிறுவன் இறந்துபோகிறான். மகள் அழுதாள். நானும்தான். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா ஒருவர், சிறு வயதில் போலியோ வந்து காலை இழுத்து நடப்பவர். இத்தனை வருஷமாக அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசியதே இல்லை. அடுத்த முறை வந்தபோது மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “பெரியப்பா, நீங்க சின்ன வயசுல மரம் ஏறியிருக்கீங்களா?” என்றாள். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவரோ, “ஏறினேனே... புளியமரம்! இறங்கத்தான் தெரியல” என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். சொட்டு மருந்தின் பலனாக இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வி. அன்றைக்கு என் மகளுக்கு அது பெரியப்பாவின் கதை ஆனது.

காமிக்ஸ் கெடுக்குமா?

இந்தப் பயம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றவாளிகள் ஆக்குகிறது என்று 1954-ல் புத்தகமே எழுதினார். செனட் விசாரணை வரை போனது. அதே வருஷம் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். 2012-ல் கரோல் டில்லி என்ற நூலகவியல் ஆய்வாளர் வெர்தாமின் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, சிறுவர்கள் சொன்னதை அவர் மாற்றியும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்ததை வெளியே கொண்டுவந்தார்! அதற்காக எல்லா காமிக்ஸும் நல்லது என்று சொல்ல வரவில்லை. தீர்ப்பு சொல்வதற்கு முன் படித்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

கூடவே உட்கார்ந்து படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் கதையில் இல்லை. மகன் புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே, ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் பிடித்திருந்தான். 'போர்டில் இருப்பதை எழுதுவதில்லை, சோம்பேறி' என்று டீச்சர் சொல்லியிருந்தது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. கண் பரிசோதனையில் தெரிந்தது... கிட்டப்பார்வை! கண்ணாடி போட்டதும் முதலில் அவன் சொன்னது, “அம்மா, மரத்துல இலை தனித்தனியா தெரியுது!”

நீங்களும் செய்யலாமே!

* பிள்ளை படிக்கும் புத்தகத்தில் பத்துப் பக்கமாவது படியுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்லுங்கள்.

* புத்தகத்துக்கும் கண்ணுக்கும் ஒரு முழம் போல இடைவெளி இருக்கட்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரத்தில் உள்ளதை 20 விநாடி பார்க்கட்டும்.

* தினமும் இரண்டு மணி நேரம் வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாட்டு. கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட இது உதவும். நம்ம ஊர் வெயிலுக்குக் காலையும் மாலையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

* எட்டு, ஒன்பது வயதிலும் எழுத்தை விட்டு விட்டுப் படித்தால் அதட்ட வேண்டாம். முதலில் கண்ணைக் காட்டுங்கள். அது சரி என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தை நல மருத்துவரிடம் கேளுங்கள்.

* சிம்மக்கல் இருக்கிறது. நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே... ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வரலாமே!

ஆங்... அந்த மூட்டையை எடைக்குப் போடவில்லை. மத்தியானத்தில் மாமியார் கண்ணாடியைத் தேடினால், மாயாவி எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்!