பெங்களூருவின் பெயரைச் சுமக்கும் கற்கள்

பெங்களூரு: தமிழகத்திலிருந்து ஓசூர் வழியாக வரும் பேருந்துகள் பொழுது விடியும் நேரத்தில் பயணிகளை இறக்கிவிடும் இடம் மடிவாளா. ஹம்பியின் இடிபாடுகளையும் பேலூர், ஹளேபீடு சிற்பங்களையும் காணப் புறப்பட்டவர்கள் இங்கிருந்து அடுத்த வண்டியைப் பிடிக்க விரைகின்றனர். அருகிலேயே உள்ள சோமேஸ்வரர் கோயிலின் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதை அவர்களில் பெரும்பாலோர் அறிவதில்லை.

1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, "வெங்களூர்" பெரிய ஏரியின் கீழுள்ள நன்செய், புன்செய் நிலங்கள் கோயிலுக்குக் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. இந்த நகரின் பெயர் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்ட பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

கதையைவிட மூத்த கல்

பெங்களூருவை நிறுவியவர் கெம்பே கௌடா என்பதும், அவர் 1537-இல் இங்கு மண்கோட்டை எழுப்பினார் என்பதும் பாடநூல் செய்தி. பெயருக்கும் ஒரு கதை உண்டு. வேட்டைக்குச் சென்று வழிதவறிய ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வெந்த பயறு கொடுத்துப் பசியாற்றினாள். அதனால் "பெந்த காளு ஊரு" என்று பெயர் வந்தது என்பர்.

ஆனால், பேகூர் நாகேஸ்வரர் கோயில் வளாகத்திலுள்ள நடுகல் இக்கதையைப் பொய்யாக்குகிறது. கங்கர் காலத்தில், ஏறத்தாழ 890-இல் நடப்பட்ட அக்கல், "பெங்களூரு" போரில் புட்டணசெட்டி என்பவர் உயிர்நீத்ததைக் கூறுகிறது. வீர வல்லாளன் ஆட்சிக்கு வந்தது 12-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஊருக்கு அப்பெயர் வழங்கியிருக்கிறது.

கோட்டையில் எஞ்சியது

கிருஷ்ணராஜேந்திர சந்தைக்கு அருகே, வாகன இரைச்சலுக்கு நடுவே நிற்கிறது பெங்களூரு கோட்டையின் எஞ்சிய பகுதி. ஹைதர் அலி 1761-இல் இதைக் கற்கோட்டையாக மாற்றினார். 1791 மார்ச் 21-ஆம் தேதி இரவு கார்ன்வாலிஸின் படை மதிலை உடைத்து உள்ளே நுழைந்தது. உடைப்பு ஏற்பட்ட இடத்தை ஒரு சலவைக்கல் பலகை இன்றும் காட்டுகிறது. கோட்டையின் பெரும்பகுதி பிற்காலத்தில் இடிக்கப்பட்டுவிட, தில்லி வாயிலும் அதையொட்டிய மதிலுமே மிஞ்சியுள்ளன. 2012-இல் இப்பகுதியில் மெட்ரோ ரயில் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது பழைய பீரங்கிகள் வெளிப்பட்டன.

மறையும் சான்றுகள்

கோட்டைக்கு மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பு உண்டு. தெருவோரக் கற்களின் நிலை அப்படி இல்லை. பி.எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட "எபிகிராபியா கர்நாடிகா" ஒன்பதாம் தொகுதியில் பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளைப் பதிவு செய்தார். அவற்றில் பல இன்று இருந்த இடத்தில் இல்லை. ஏரிகள் தூர்ந்து, வயல்கள் மனைகளாகி, சாலைகள் அகலமானபோது கற்களும் மறைந்தன. எழுத்து இருப்பதை அறியாதவருக்கு நடுகல்லும் ஒரு பாறைத் துண்டுதான்.

அறிந்தவர் கண்ணில் பட்டால் நடப்பது வேறு. 2018-இல் ஹெப்பாளில் வடிகால் பணியின்போது ஒரு கல் வெளிப்பட்டது. அது ஏறத்தாழ 750-ஆம் ஆண்டில், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், போரில் மாண்ட கித்தய்யா என்ற வீரனுக்கு எடுத்த நடுகல். நகரில் இதுவரை கிடைத்த கன்னடக் கல்வெட்டுகளில் இதுவே மிகப் பழமையானது எனக் கருதப்படுகிறது. பொதுமக்களின் நன்கொடையால் எழுந்த மண்டபத்தில் அக்கல் இப்போது நிற்கிறது.

1909-இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி, 2021 முதல் நகரின் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் கணினியில் பதிந்து வருகிறது. தேய்ந்த எழுத்துகளையும் இம்முறையில் படிக்க முடிகிறது. கல் அழிந்தாலும் வாசகம் பிழைக்கும்.

எனினும், கல்லின் முன் நின்று பார்ப்பதற்கு அது ஈடாகாது. ஹம்பிக்குச் செல்பவர்கள் அரை நாள் முன்னதாகப் புறப்பட்டால் போதும். மடிவாளாவில் இறங்கியதும், ஏழரை நூற்றாண்டுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் தமிழ் எழுத்துகளில் இந்த ஊரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.