உங்களுக்குத் தெரியுமா? மேடா, பள்ளமா?

ராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரின் ஆய்வுக் கட்டுரையை 1972-இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணரும் விதம் பற்றிய கட்டுரை அது. அந்த மாணவர் வி. எஸ். ராமச்சந்திரன்.

பின்னாளில் கலிபோர்னியாவில் அவர் ஆராய்ந்த மாயத்தோற்றம் ஒன்றை நீங்களே சோதிக்கலாம். காசிமேட்டுப் பக்கம் ரிவெட் அடித்த பழைய இரும்புத் தகடு கண்ணில் பட்டால், மேலிருந்து வெயில் விழும் நேரத்தில் படமெடுத்து, போனைத் தலைகீழாகத் திருப்புங்கள். (திரை தானாகச் சுழலாதபடி பூட்டிவிட்டுத்தான்!) புடைத்து நின்ற ரிவெட்டுகள் குழிகளாகத் தெரியும்.

படத்தில் தெரிவது மேடா, பள்ளமா என்பது கணக்குப்படி தீராத வழக்கு. படத்தில் ஒரு புள்ளியின் பிரகாசம் ஒரே ஓர் எண். அந்த இடத்தின் சாய்வைச் சொல்லவோ இரண்டு எண்கள் தேவை. சமன்பாடு ஒன்று, தெரியாதவை இரண்டு. 1970-இல் எம்.ஐ.டி.யில் பெர்த்தோல்ட் ஹார்ன் தம் முனைவர் பட்ட ஆய்வில் மல்லுக்கட்டியது இந்தச் சிக்கலோடுதான். ஒளிநிழல் வேறுபாட்டை வைத்து வடிவத்தைக் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்றுத்தர முயன்றார் அவர்.

மூளைக்கு அந்தப் பொறுமை கிடையாது. விளக்கு ஒன்றே, வெளிச்சம் மேலிருந்தே வரும் என்று வைத்துக்கொண்டு சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இதில் ‘மேல்’ என்பது வானம் இருக்கும் பக்கம் அல்ல, உச்சந்தலை இருக்கும் பக்கம் என்று ராமச்சந்திரன் காட்டினார். படத்தை நேராகவே வைத்துவிட்டு, நீங்கள் குனிந்து கால்களுக்கிடையே பார்த்தாலும் மேடு பள்ளமாகிவிடும்.