காசக் கிருமி உமிழும் புரதங்கள்

காசநோய்க் கிருமி உடலுட் புகுந்தவுடன் நோய் தோன்றிவிடுவதில்லை. அதனை விழுங்கியும் கொல்ல மாட்டாத வெள்ளணுக்களைச் சுற்றி வேறு அணுக்கள் கூடி அரண் அமைக்கின்றன. அவ்வரணுக்குள் கிருமி பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கலாம். இருமல் இல்லை, காய்ச்சலும் இல்லை. அது உள்ளே இருப்பதை அறிவது எவ்வாறு?

நெடுங்காலம் தோல் பரிசோதனையே இதற்கு வழியாக இருந்தது. காசக் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்னும் சாற்றை ராபர்ட் காக் 1890இல் மருந்தென அறிவித்தார். மருந்தாக அது தோற்றது. 1908இல் சார்ல்ஸ் மாண்டூ, அதனைத் தோலுக்குள் சிறிதளவு செலுத்தி நோயறியும் முறையை வெளியிட்டார். ஆனால் அச்சாற்றில் பல புரதங்கள் கலந்துள்ளன. அவற்றுட் பல, பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியிலும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த குழந்தைக்கே அவ்வூசி போடப்படுகிறது. எனவே தோல் தடித்தால், காரணம் நோய்க்கிருமியா, ஊசியா என்னும் ஐயம் எழும். தவறாகக் கணித்தால், கிருமியே இல்லாதவர் பல மாதம் மருந்துண்ண நேரும்.

இவ்வையத்திற்கு விடை பி.சி.ஜி. பிறந்த கதையிலேயே இருந்தது. பிரான்சின் லீல் நகரில் கால்மெத்தும் கெராங்கும் மாட்டுக் காசக் கிருமியைப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில், 1908 முதல் 1921 வரை ஏறத்தாழ 230 முறை மாற்றி மாற்றி வளர்த்தனர். அதன் கொடுமை தணிந்தது. ஏன் தணிந்தது என்பதை அறியும் கருவி அக்காலத்தில் இல்லை. அதன் மரபுப் பொருளில் ஒரு துண்டு உதிர்ந்துபோனதை ஆய்வாளர் 1996இல் வெளியிட்டனர். ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்னும் இரு சிறு புரதங்களை ஆக்கும் குறிப்பு அத்துண்டில்தான் இருந்தது. நோய்க்கிருமி இவற்றை வெளியே உமிழ்கிறது. தன்னை விழுங்கிய அணுவின் உட்பையைச் சிதைக்க இவை அதற்கு உதவுகின்றன.

கிருமிக்குப் படைக்கலமான இப்புரதங்களே அதனைக் காட்டியும் கொடுக்கின்றன. டி-அணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள், ஒருமுறை கண்ட பகையை நினைவில் வைப்பன. இன்றைய இரத்தப் பரிசோதனையில், ஒருவரது இரத்தத்தை இவ்விரு புரதங்களின் துணுக்குகளோடு ஓர் இரவு வைக்கின்றனர். அவற்றை முன்பே கண்ட டி-அணுக்கள் இருப்பின், காமா இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரக்கும். அதை அளந்து கிருமி புகுந்ததை அறிகின்றனர். பி.சி.ஜி. மட்டும் பெற்றவரின் அணுக்கள் வாளாவிருக்கும்.

உடல்வலி குன்றியவரிடம் இப்பரிசோதனை பொய்ப்பதும் உண்டு. உறங்கும் கிருமியையும் நோயாக மூண்ட கிருமியையும் இது பிரித்துக் காட்டாது. அதற்குச் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் இன்றும் வேண்டும்.