பிளவுபட்ட பாறையும் கணிப்பொறியும்

நிலத்தடி எண்ணெயையும் வாயுவையும் குளம்போல் வரைந்து காட்டும் வழக்கம் உண்டு, அது பிழையானது. அவை மணற்கல்லின் நுண்துளைகளில் செறிந்திருப்பவை. அழுத்த வேறுபாடு மிகுந்தால் துளைகளின் வழியே ஓட்டமும் மிகும். மணலூடே நீரைச் செலுத்தி இவ்விதியைக் கண்ட பிரெஞ்சுப் பொறியாளர் தார்சி, அதனை 1856-ல் வெளியிட்டார். கணிப்பொறி இன்று பாறையைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பகுத்து, கட்டத்துக்குக் கட்டம் அதே விதியைக் கொண்டே ஓட்டத்தைக் கணக்கிடுகிறது.

இடர்ப்பாடு பிளவுகளால் நேர்வது. பிளவின் ஒருபுறம் கீழிறங்கும்போது மணற்கல்லுக்கு எதிரே களிப்பாறை வந்து நிற்கலாம். அரைபட்ட களிமண் பிளவின் முகத்தை மெழுகிவிடவும் கூடும். அங்கே பிளவு சுவராகிறது. வேறிடத்தில் அதுவே வாய்க்காலாகும். இவற்றுள் எது என்பதைக் கணிப்பொறி தானாக அறியாது. புவியியலார்தாம் அதற்குரிய எண்ணைத் தரவேண்டும்.

நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் உள்ளது ஸ்னோவிட் வாயுவயல். அங்கு எடுக்கும் இயற்கை வாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவை, 2008 முதல் சுமார் 2,600 மீட்டர் ஆழத்து மணற்கல்லில் செலுத்தி வந்தனர். எதிர்பார்த்ததைவிட விரைவாக அழுத்தம் ஏறிற்று. ஏற்றம் நீடித்திருப்பின் மூடுபாறையே வெடித்திருக்கக்கூடும். ஆகவே 2011-ல் மேலுள்ள வேறோர் அடுக்குக்கு மாற்றினர்.

இத்தகைய நிலையில், அளந்த அழுத்தத்தோடு கணக்கு ஒத்துவரும்வரை பாறையின் எண்களைத் திருத்துவர். ஆயினும் அருகிலுள்ள சுவரொன்றும், எங்கும் பரவிய குறைந்த கசிவியல்பும் ஏறக்குறைய ஒரே அழுத்த ஏற்றத்தைக் காட்டலாம். அவற்றைப் பிரித்தறிய நிலநடுக்க அலைப் பதிவோ மற்றொரு கிணறோ வேண்டும்.