சராசரி சொல்லாத மழை

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 2015-ஆம் ஆண்டில் இயல்பைவிட 53 விழுக்காடு அதிகமாகப் பெய்தது. அடுத்த ஆண்டில் 62 விழுக்காடு குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் சராசரி கண்டால், இயல்பைவிட நாலரை விழுக்காடுதான் குறைவு. இயல்பிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அதனை 'இயல்பான மழை' என்றே இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. அந்த அளவுகோலை இந்தச் சராசரிக்குப் பொருத்தினால், குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், முதலாம் ஆண்டில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் தத்தளித்தன. இரண்டாம் ஆண்டின் மழை பொய்த்ததால், 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது.

சராசரி பொய் சொல்வதில்லை. பாதியை மட்டுமே சொல்கிறது. மறுபாதியைச் சொல்பவை பரவல் அளவைகள். அவற்றுள் எளியது வீச்சு. மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு அது. மேற்கண்ட கணக்கில் 115. ஆயினும், பல ஆண்டுகளை ஒருங்கே எடுத்துக்கொண்டால், வீச்சு இரு முனைகளை மட்டுமே பார்க்கும்; இடைப்பட்ட ஆண்டுகளைக் கண்டுகொள்ளாது.

அக்குறையைத் தீர்ப்பது திட்ட விலக்கம். ஒவ்வோர் ஆண்டும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது எனக் கண்டு, அவ்விலக்கங்களை வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் காண வேண்டும். வர்க்கப்படுத்தாமல் கூட்டினால் மிகுதியும் குறைவும் ஒன்றையொன்று அழித்துச் சுழியமாகிவிடும். நம் இரு ஆண்டுகளுக்கும் விடை 57.5. நாலரை எங்கே, ஐம்பத்தேழரை எங்கே!

நான் வாழும் பொன்னமராவதி வட்டாரத்தில் இது வெறும் பத்தாம் வகுப்புக் கணக்கு அன்று. வற்றாத ஆறு இல்லாத இப்பகுதியில் உழவு கண்மாய்களை நம்பியது. கண்மாய்க்குக் கொள்ளளவு உண்டு. நிறைந்தபின் வரும் நீர் கலிங்கு வழியே வெளியேறிவிடும். அடுத்த ஆண்டின் பற்றாக்குறைக்காக அது காத்திருப்பதில்லை. தாளில் மிகுதியும் குறைவும் ஈடாகலாம், வயலில் ஈடாவதில்லை.

எனவே, மழையளவை அறிவிக்கும்போது சராசரியுடன், வட்டம்தோறும் கடந்த 30 ஆண்டுகளின் திட்ட விலக்கத்தையும் அரசு வெளியிட வேண்டும். விலக்கம் மிகுந்த வட்டங்களில் வரத்துக் கால்வாய்களைச் சீரமைக்கவும் கண்மாய்களைத் தூர்வாரவும் முன்னுரிமை அளிக்க வேண்டும். எவ்வளவு மழை என்பதோடு, அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்தால்தான், நெல்லா, குறைந்த நீரில் விளையும் உளுந்தா என்று உழவர் முடிவெடுக்க இயலும்.