ஜாஹிழும் நூலாசிரியர் பிழைப்பும்

நூலெழுதியே வாழ்க்கை நடத்த இயலுமா என்னும் வினா புதியதன்று. அதற்கு அப்பாஸியர் காலத்திலேயே விடையாய் வாழ்ந்து காட்டியவர், பஸ்ராவின் பேரறிஞர் ஜாஹிழ் (மறைவு: ஹி. 255).

இளமையில் மீனும் ரொட்டியும் விற்றவர் அவர். நூல்களைப் படியெடுத்து விற்கும் வர்ராக்குகளின் கடைகளை வாடகைக்கு எடுத்து, இரவெல்லாம் அங்கேயே தங்கிப் படித்தார் என்பர்.

எழுதத் தொடங்கியபின் வேறோர் இடர் எழுந்தது. அவர் பெயரில் வந்த நல்ல நூல்களையும் பொறாமையாளர் பழித்தனர். தரத்தில் குறைந்தவற்றை இப்னுல் முகஃப்பஃ போன்ற முன்னோர் பெயரில் வெளியிட்டபோதோ, அவர்களே தேடிவந்து படியெடுத்துச் சென்றனர். இதனை ஜாஹிழே எழுதி வைத்துள்ளார்.

அன்று பதிப்புரிமை கிடையாது. படிகள் விற்ற காசு வர்ராக்கையே சேரும். நூலைச் சமர்ப்பணமாக ஏற்பவரின் அன்பளிப்பே ஆசிரியரின் வருவாய். ‘கிதாபுல் ஹயவான்’ நூலுக்கு அமைச்சர் இப்னுஸ் ஸய்யாத் 5,000 தீனார் அளித்தார் என்பது வரலாற்று நூல்கள் தரும் செய்தி.

அவ்வருவாயில் ஆபத்தும் இருந்தது. ஹி. 233இல் கலீஃபா முதவக்கிலின் சினத்துக்கு ஆளாகி அமைச்சர் மாண்டார். ஜாஹிழ் விலங்கிடப்பட்டு, அமைச்சரின் பகைவரான காழி இப்னு அபீ துஆதின் முன் நிறுத்தப்பட்டார். நாவன்மை அவரை மீட்டது. ‘அல்பயான் வத்தப்யீன்’ அக்காழிக்கே சமர்ப்பணமாயிற்று. அதற்கும் 5,000 தீனார் கிடைத்ததாம்.

புரவலர் மாறினர், அவரைக் காத்த கல்வி மாறவில்லை. எழுத்தைத் தொழிலாகக் கொள்ள விழையும் நம் இளைஞர், வருவாயைக் கணக்கிடுமுன் தம் வாசிப்பைக் கணக்கிடுவாராக!